செருப்படை இலை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சென்ற கோடையில் நியூயார்க் மாநிலத்து 17கே சாலையோரம் காரை நிறுத்திக் காட்டினாயே, காட்வாலடர் கால்டனின் நினைவுக்கல், அது இன்னும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. நானும் முப்பது வருடம் சங்கிலி இழுத்து நிலம் அளந்தவன் அல்லவா? அவர் 1720 முதல், அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த நியூயார்க்கின் சர்வேயர் ஜெனரல், அதாவது தலைமை நில அளவையாளர். 1761இல் துணை ஆளுநர். பத்திரங்களுக்கும் அச்சுத் தாள்களுக்கும் பிரிட்டன் விதித்த முத்திரை வரிக்குத் துணைநின்றார் என்று 1765 நவம்பர் 1ஆம் தேதி மக்கள் அவருடைய கோச்சு வண்டியையே கொளுத்தினார்கள். அடிமைகளையும் வைத்திருந்தார். அந்தப் பதவிகளுக்காக நான் கைகூப்ப மாட்டேன்.

ஆனால் அவர் மகள் ஜேனுக்கு லத்தீன் தெரியாது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் செடி வகைப்பாட்டை அவளுக்காக அவரே ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். அவள் முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளை விவரித்து எழுதினாள். இலைகளில் மை தடவித் தாளில் அச்செடுத்தாள். அந்தக் கையெழுத்துப்படி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீ தாவரவியல் கேட்டாய். படிவத்தில் கணினி என்று நான் நிரப்பினேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கல்லின் முன் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. சொல்ல வாய் வரவில்லை. என்னை மன்னித்துவிடு அம்மா.

லின்னேயஸ் கால்டனின் பெயரை எந்தச் செடிக்கு வைத்தார் தெரியுமா? கோல்டேனியா புரோகும்பென்ஸ், நம் செருப்படைதான்! இங்கே நம் ஏரி வற்றிவிட்டது. வெடித்த மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படர்ந்திருக்கிறது. சுருங்கிச் சொரசொரத்த இலை, மேலே வெள்ளை ரோமம், இலையடியில் ஒளிந்தாற்போல் பொடி வெள்ளைப் பூ. ஏழு வயதில் இதைப் பிடுங்கிவந்து, "இது ஏன் அப்பா எழுந்து நிற்காது?" என்று கேட்டாய்.

ஜேனின் பெயரையும் ஒரு செடிக்கு வைக்கச் சொல்லி எல்லிஸ் என்ற இயற்கை ஆய்வாளர் லின்னேயஸுக்கு எழுதினார். அது நடக்கவில்லை.

ரப்பர் ஸ்டாம்பு மை தடவி ஓர் இலையை அச்செடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். நான்கு முறை முயன்றும் நரம்பு தெளிவாக விழவில்லை; ரோமம் மையைக் குடித்துவிடுகிறது. பேத்தியிடம் கொடு. விடுமுறையில் அவளையும் அங்கே அழைத்துப் போ. கல்லைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது என்று இருவரும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அப்பா