தென்னந்தண்டில் ட்ரில் வைப்பதற்கு முன்னால்

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர்களுக்கு, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரன் ஒருவனின் வணக்கமுங்க.

போன கூட்டத்தில், தென்னை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்கும் சாறோட்டக் கருவி வாங்கலாம் என்று பேசினீர்கள். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போர்வெல் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போகிற ஊரில், பக்கத்துத் தோப்பில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறதோ அதுதான் நமக்கும் கணக்கு என்று இருக்கிறோம். மண்ணில் புதைக்கிற ஈரமானி மண்ணின் கதையைத்தான் சொல்லும். மரத்திடமே கேட்டுவிடலாம் என்பது நல்ல ரோசனைதான். ஆனால் விற்க வந்தவர் பேச்சை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அவர் காட்டிய கருவியின் சங்கதி இவ்வளவுதான். 2 செ.மீ. நீளமுள்ள இரண்டு ஊசிகளைச் சுமார் 10 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக மரத்தில் செருகுவார்கள். மேல் ஊசிக்கு மட்டும் விடாமல் 0.2 வாட் சூடு கொடுப்பார்கள், கீழ் ஊசி சும்மா இருக்கும். ஓட்டம் நின்ற ராத்திரியில் சூடு அங்கேயே தேங்குவதால் இரண்டு ஊசிக்கும் வெப்ப வித்தியாசம் கூடும். வெயில் ஏறி மரம் நீரை இழுக்க இழுக்க, போகிற நீர் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், வித்தியாசம் குறையும். அந்தக் குறைவை ஓட்டமாக மாற்றும் சூத்திரத்தை 1985-ல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கிரானியே கொடுத்தார். அவர் சோதித்தது ஊசியிலை மரங்களிலும் ஓக் மரத்திலும். தென்னையில் இல்லைங்க.

இங்கேதான் வில்லங்கம். வேம்பிலும் தேக்கிலும் நீர் ஏறுவது பட்டைக்கு உள்ளே வளையமாக இருக்கும் வெளிறிய கட்டையில். தென்னைக்கு அப்படி வளையமே கிடையாது. வெட்டிய தண்டைப் பார்த்தால் தெரியும், நரம்பு நரம்பாக நடுத்தண்டு வரைக்கும் சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாக, உள்ளே போகப் போகக் கலைந்து. 30 செ.மீ. குறுக்களவுள்ள மரத்தில் 2 செ.மீ. ஊசி எட்டிப் பார்ப்பது மொத்தப் பரப்பில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி ஊகம். அந்த ஊகத்தைத்தான் செல்போன் திரை லிட்டர் என்று, அதுவும் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கத்தோடு காட்டுகிறது!

ராத்திரியில் ஓட்டம் பூஜ்யம் என்று வைத்துத்தான் கணக்கே தொடங்குகிறது. பங்குனி வறட்சியில், பகலில் இழந்ததை மரம் ராத்திரியில் உறிஞ்சி நிரப்பிக்கொண்டிருக்கும். அப்போது பூஜ்யம் என்று வைத்த தொடக்கமே தப்பு, மரம் குடித்ததைவிடக் குறைவாகத்தான் கணக்கு வரும்.

உறவுக்காரர் தோப்பில் மாதிரிக்கு ஒன்று மாட்டியிருந்தார்கள், போய்ப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் குத்தி, பரோட்டா பார்சல் கட்டுகிற மாதிரி வெள்ளித்தாள் சுற்றியிருந்தார்கள்; காற்றில் ஒரு பக்கம் பிரிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காலை வெயில் நேராகத் தண்டில் பட, திரையில் ஏழு மணிக்கே கோடு தாறுமாறு. மரம் அப்போது என்ன குடித்தது என்று அந்தக் கோட்டை வைத்து யாரும் சொல்ல முடியாது.

இதையெல்லாம்விட என் பயம் வேறு. தென்னந்தண்டில் போட்ட ஓட்டை மற்ற மரத்தில் போல மூடாது, காயத்து வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வேர்வாடலோடும் வெள்ளை ஈயோடும் மல்லுக்கட்டுகிறவன் தோப்பில் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு போவது என்ன நியாயம்?

வழி இருக்கிறது. இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனைக்குத் தண்டை விட்டுவிட்டு மட்டைக் காம்பில் ஊசி குத்தி அளந்திருக்கிறார்கள். வெட்டிய காம்பு வழியாகத் தண்ணீரைச் செலுத்தி, வெளியே வந்ததை எடைபோட்டு, அந்த மரத்துக்கென்றே சூத்திரத்தைத் திருத்திக்கொண்டார்கள். மட்டை எப்படியும் ஒரு நாள் விழப்போவதுதான். நம் தென்னைக்கும் இதே மாதிரி எடைபோட்டுப் பார்க்காமல் எந்த லிட்டரையும் நம்பாதீர்கள். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது, முதலில் அவர்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துப் பேசுங்கள். நாலஞ்சு கருவி மட்டும் வாங்கி, ஒரே தோப்பில் மாசியிலிருந்து ஆடிக்காற்று முடியும்வரை விடுங்கள். மொத்தமாக வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

தோப்புக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். கிணற்றுமேட்டு வரிசையில் என் மரங்கள் மூன்றைத் தருகிறேன். மட்டையில் மட்டும் குத்திக்கொள்ளுங்கள், தண்டைத் தொட விடமாட்டேன்.