செயலியின் வேகத்தை மாற்றுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாகங்களை வாங்கித் தாமே பொருத்திய புதிய விளையாட்டுக் கணினியில், பெட்டியில் அச்சிடப்பட்ட வேகத்தைச் செயலி (சிபியு) எட்டவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததற்கு, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று, செயலியின் எல்லாக் கோர்களுக்கும் (கணக்கிடும் உட்பிரிவுகளுக்கும்) வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்ணை ஒன்றாகவே நிர்ணயித்து, மின்னழுத்தத்தையும் சற்றே கூட்டிவிடலாம் என்று தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் பதில் அளிக்கப்பட்டிருந்தது. புதிதாகக் கணினி கட்டுவோருக்கு உதவி வருபவன் என்ற முறையில், அந்தப் பதிலோடு நான் உடன்படவில்லை. வேகம் எதனால் குறைகிறது என்று கண்டறிவதற்கு முன்பே அதை உயர்த்த முயல்வது பெரும்பாலும் வீண் வேலை; சில வேளைகளில் கேடும் விளைவிக்கும்.

முதலாவதாக, அந்த யோசனையைப் பலரால் செயல்படுத்தவே முடியாது. இன்டெல் மேசைக் கணினிச் செயலிகளின் அண்மைத் தலைமுறைகளில், பெயரில் ‘கே’ என்ற எழுத்து உள்ளவற்றுக்கே பெருக்கெண்ணை உயர்த்த வழி உண்டு; அதற்கும் இசட் வரிசை மதர்போர்டு தேவை. கோர் ஐ5-12400 வைத்திருப்பவர் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டினாலும் அந்த வசதி கிடைக்கப்போவதில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் செயலிகளில், பெருக்கெண்ணை மாற்றவிடாத இந்தப் பூட்டு பெரும்பாலும் இல்லை என்றாலும், அங்கே இழப்பு வேறு வகையில் வருகிறது. ரைசன் 5 5600 செயலியின் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். அதை எல்லாக் கோர்களிலும் 4.2 கிகாஹெர்ட்ஸில் நிலைநிறுத்தினால் தேவைக்கேற்ப வேகத்தைத் தானே உயர்த்தும் பூஸ்ட் வசதி நின்றுபோய், ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும் தருணங்களில் கிடைத்துவந்த 4.4 கிகாஹெர்ட்ஸ் கைநழுவிவிடும். பல விளையாட்டுகள் ஒரு கோரில் ஓடும் முதன்மைப் பணித்தொடரின் (இழையின்) வேகத்தையே பெரிதும் நம்பியிருப்பவை என்பதால், வேகத்தைக் கூட்டியதாக எண்ணிக்கொண்டு விளையாட்டை மந்தமாக்கியவர்கள் ஆவோம்.

அடுத்து, வாசகர் கண்ட எண்ணே பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கக் கூடும். வேலையின்றி இருக்கும் செயலி 800 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்வது பழுதன்று, மின்சிக்கனம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘அடிப்படை வேகம்’ என்று காட்டப்படுவது எப்போதும் மாறாத எண். அதைப் பார்த்துவிட்டு ‘பூஸ்ட் வேலை செய்யவில்லை’ என்று பதறுவோர் பலர். உண்மையான வேகத்தை அறிய, செயலிக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் போன்ற ஒரு சோதனையையோ விளையாட்டையோ ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வேகம், வெப்பநிலை, வாட் கணக்கில் மின்நுகர்வு ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலிகளில் எந்த வரம்பு வேகத்தைப் பிடித்து இழுக்கிறது என்பதைக்கூட அந்த மென்பொருள் தனி வரிசையில் காட்டிவிடும்.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. சுமை ஏறிய சில நொடிகளிலேயே வெப்பநிலை 100 பாகை செல்சியஸை நெருங்கி வேகம் சரிந்தால், பார்க்க வேண்டிய இடம் செயலியைக் குளிர்விக்கும் கூலர்: அதன் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திவிடுவதும், திருகுகளை ஒரு பக்கம் மட்டும் இறுக்குவதும், நீர்க்குளிர்விப்பானின் பம்ப் கம்பியைச் செருக மறப்பதும் அடிக்கடி நேர்பவை. ரைசன் 7000 வரிசையின் சில உயர்நிலைச் செயலிகள் கடும் சுமையில் 95 பாகை வரை செல்லுமாறே வடிவமைக்கப்பட்டவை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் அந்த எண் மட்டுமே குறையாகாது. வெப்பநிலை தாழ்ந்திருக்க, மின்நுகர்வு மட்டும் 65 வாட் போன்ற ஓர் எண்ணில் ஏறாமல் நின்றால், அது மதர்போர்டு விதித்த மின்வரம்பு. வெப்பமும் மின்நுகர்வும் குறைவாக இருந்து, வேகம் அடிப்படை எண்ணைத் தாண்டவே மறுத்தால், பயாஸில் டர்போ எனப்படும் பூஸ்ட் வசதி அணைக்கப்பட்டிருக்கலாம்; அல்லது விண்டோஸின் மின்திட்டத்தில் ‘அதிகபட்சச் செயலி நிலை’ 99 விழுக்காடாக இருக்கலாம். அந்த ஒரு விழுக்காட்டுக் குறைவே பல கணினிகளில் டர்போவை முழுவதுமாக நிறுத்திவிடும். கடும் சுமையிலும் 800 மெகாஹெர்ட்ஸிலோ அதற்கும் கீழோ சிக்கிக்கொள்வது அரிது. மதர்போர்டின் மின்சுற்று சூடேறி, வேகத்தைக் குறைக்கும்படி செயலிக்குச் சைகை அனுப்பினால் அப்படி ஆவதுண்டு.

செயலியில் குறையே இல்லாமல் விளையாட்டு திணறுவதும் உண்டு. வேகம் 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 வகை ரேமை (நினைவகத்தை) பொருத்தியவுடன் அது 2133 போன்ற பொதுவான வேகத்தில்தான் ஓடும். 6000 என்று விற்கப்படும் டிடிஆர்5 ரேமும் அவ்வாறே 4800-இல் தொடங்கும். ரேமின் அச்சிட்ட வேகத்துக்கான அமைப்புகள் அடங்கிய எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ சுயவிவரத்தைப் பயாஸில் இயக்கினால்தான் அச்சிட்ட வேகம் கிடைக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன்களில், செயலியின் பகுதிகளை இணைக்கும் உட்பாதை வழக்கமாக ரேமின் வேகத்தோடு இணைந்தே ஓடுவதால் இந்த வேறுபாடு கண்கூடாகவே தெரியும். இரண்டு ரேம் பட்டைகள் மட்டும் இருந்தால், பெரும்பாலான நான்கு துளை மதர்போர்டுகளில் செயலியிலிருந்து இரண்டாவது, நான்காவது துளைகளே அவற்றுக்கு உரியவை. சிபியு-இசட் என்ற மென்பொருள் ரேமின் வேகத்தை 1600 என்று காட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு செல்வதால் அது 3200-க்குச் சமம்.

மின்னழுத்தத்தைக் கூட்டும் யோசனையைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். மின்நுகர்வு ஏறத்தாழ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தினால், வேகம் மாறாவிட்டாலும் நுகர்வு இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. கூலரைச் சரியாகப் பொருத்தாத கணினியில் இதைச் செய்தால் வேகம் இன்னும் குறையுமே தவிர ஏறாது. தேர்ந்த பொறியாளர்கள் வகுத்த அமைப்புகளே தவறியிருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் கருகியதை அடுத்து, அவற்றின் எஸ்ஓசி (ரேம் கட்டுப்படுத்தி முதலானவை உள்ள பகுதி) மின்னழுத்தம் பயாஸ் புதுப்பிப்பின் மூலம் 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் பல நிலைகுலைந்ததற்கு அளவுக்கு மீறிய மின்னழுத்தமே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்து, 2024 ஆகஸ்டில் திருத்திய மைக்ரோகோடை (செயலியின் உள்ளியக்க ஆணைத்தொகுப்பை) வெளியிட்டதோடு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சிதைந்த செயலியை அந்தத் திருத்தம் மீட்காது. ஆகவே புதிய கணினியில் முதலில் செய்ய வேண்டியது பயாஸைப் புதுப்பித்து, தயாரிப்பாளரின் இயல்புநிலைக்குத் திருப்புவதே. ரேம் சுயவிவரத்தை அதன் பிறகு இயக்கலாம்.

ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் செயலியை ஓட்டுதல்) செய்யவே கூடாது என்பது என் வாதமன்று. பூட்டில்லாத செயலியும் நல்ல கூலரும் வைத்திருப்பவர், உத்தரவாதம் போகக்கூடும் என்பதை அறிந்தே அதில் இறங்குவது அவர் விருப்பம். பழுதறியும் கேள்விக்கு அது விடையாகாது என்பதே என் முறையீடு. இனி இத்தகைய கேள்விகளை அனுப்புவோரிடம் செயலியின் பெயர், மதர்போர்டின் பெயர் ஆகியவற்றோடு, சுமையில் பதிவான வேகம், வெப்பநிலை, மின்நுகர்வு ஆகியவற்றையும் கேட்டுப் பெற்ற பின்னரே பதில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெருக்கெண் பூட்டப்பட்ட இன்டெல் செயலிகளுக்கு முந்தைய பதில் பொருந்தாது என்ற திருத்தத்தையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்