ஓமத் தண்ணீர்

அன்புள்ள முருகேசா,

எட்டு மாதமாக ஒரு வரி போடவில்லை என்று கரித்துக் கொட்டியிருப்பாய். நியாயம்தான். இந்த மூன்று வாரக் கதையைக் கேட்டுவிட்டு மிச்சத்தைத் திட்டு.

சின்னவனுக்கு அப்பென்டிக்ஸ் வெடித்துவிட்டது. முதலில் தொப்புளைச் சுற்றி வலி என்றான். வாயுதான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கியது. ராத்திரி சட்டென்று நின்றது. "பார்த்தாயா, கேட்டது!" என்று இவளிடம் பீற்றிக்கொண்டு படுத்தேன். வீங்கியிருந்தது உள்ளே கிழிந்ததால் வந்த நிம்மதியடா அது. விடியும்போது வயிறு பலகை மாதிரி, காய்ச்சல் 103.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. குடலில் இருக்கிற கிருமியெல்லாம் வயிற்றுக்குள் கொட்டியிருக்கிறதே, நன்றாகக் கழுவினீர்களா என்று சர்ஜனைப் பிடித்துக்கொண்டேன், நீ உன் ராஜ்தூத் பைக்கைக் கழுவுவாயே, அந்த நினைப்பில். சீழை உறிஞ்சி எடுத்தால் போதும் சார், அதற்கு மேல் சலைன் (உப்புத் தண்ணீர்) விட்டு அலசினாலும் பின்னால் சீழ்க்கட்டி வருவது குறைவதில்லை என்று 2012ல் அமெரிக்காவில் 220 பிள்ளைகளிடம் செய்த ஆய்விலேயே தெரிந்துவிட்டது என்றார். சீழ் வடிய டியூபும் வைக்கவில்லை. கத்தி வைக்கும் முன்பே ஏற்ற ஆரம்பித்த ஆன்டிபயாடிக்தான் வேலை செய்ய வேண்டுமாம்: செஃப்ட்ரையாக்சோன், மெட்ரோனிடசோல். நானோ பார்க்க வந்தவர்களையெல்லாம் கை கழுவச் சொல்லி விரோதம் சம்பாதித்தேன். உன் மச்சான் உட்பட.

ஆறாம் நாள் மறுபடி காய்ச்சல். அடிக்கடி கக்கூஸ் போக வேண்டும் என்கிறான், போனால் கொஞ்சம்தான் வருகிறது. ஆஸ்பத்திரி இட்லி சேரவில்லை என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஸ்கேனில் அடிவயிற்றில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சீழ். அது மலக்குடலை உறுத்தியதால்தான் அந்த அவஸ்தை. சின்னதாக இருந்ததால் ஊசி போட்டு எடுக்காமல் மருந்தை நீட்டித்தார்கள். மூன்று நாளில் காய்ச்சல் விட்டது.

இப்போது வீட்டில்தான். பயல் நன்றாகச் சாப்பிடுகிறான், கிரிக்கெட் மட்டையைத் தேடுகிறான். அதுதான் தொல்லை. "தேறிட்டானே, இன்னும் எதுக்கு இவ்வளவு மாத்திரை, உடம்பு சூடாகும்" என்கிறாள் அம்மா. டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தமாட்டேன் என்று மல்லுக்கு நிற்கிறேன். வலி நின்றதை நம்பி ஒரு ராத்திரி தூங்கினேனே முருகேசா, அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

அத்தை மூட்டுவலி எப்படி? வெள்ளிக்கிழமை மறு ஸ்கேன், முடிந்ததும் போன் செய்கிறேன். ஓமத் தண்ணீர் கதையை மட்டும் நம் வாத்தியாரிடம் சொல்லித் தொலைக்காதே. எட்டு மணி ஆகிவிட்டது, மாத்திரையைக் கண்டதும் பயல் கட்டிலுக்கடியில் பூந்துவிட்டான்.

உன்,
சேகர்