உரித்ததற்கும் உலர்த்தியதற்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வட அமெரிக்க ரோம (விலங்குகளின் முடியோடு கூடிய தோல்) வணிகம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1670இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன் பே கம்பெனி என்கிற ஆங்கிலேய வணிக நிறுவனத்துக்குக் கொடுத்த சாசனம், ஆற்று வழிகள், பிரெஞ்சுக்காரர்களோடு இருந்த போட்டி எல்லாம் விறுவிறுப்பாக இருந்தன. ஆனால் விலங்கு பிடிபட்டதற்கும் அதன் தோல் கப்பல் ஏறியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்குக் கட்டுரை ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வரி: “தோலை உரித்து உலர்த்தி அனுப்பினார்கள்.” தோல் பதனிடும் தொழிலிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை அப்படியே தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு ரோமத்தோலுக்கு விலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த நடு வேலையில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பூர்வகுடிப் பெண்கள்.

செருப்புக்கும் பைக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கு முடி என்பது கழிவு. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் வேர் இளகி, வழித்தெடுக்க வந்துவிடும். ரோமத்தோலில் எல்லாமே தலைகீழ். அங்கே முடிதான் சரக்கு, தோல் அதைத் தாங்கி நிற்கிற தளம். ஆகவே வேலை முழுவதும் தோலின் உள்பக்கத்தில், சதை ஒட்டியிருந்த பக்கத்தில் நடக்கும். அதைச் செய்யும்போது மறுபக்கத்து முடியின் வேர் கொஞ்சமும் கலங்கக்கூடாது. தோல் வேலையில் பல காலம் பழகியவனையும் தடுமாற வைக்கிற வேலை இது.

உரித்த தோலின் உள்பக்கத்தில் கொழுப்பும் சதைத் துணுக்கும் சவ்வும் ஒட்டியிருக்கும். நீரில் அணை கட்டி வாழும் கொறிவிலங்கான பீவரில் இது அதிகம். மற்ற சில விலங்குகளில் தோல் சுலபமாகக் கழன்றுவிடும். பீவர் தோலையோ அங்குலம் அங்குலமாகக் கத்தியால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் அதை வழவழப்பான ஒரு சாய்வுக் கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கத்தியால் கொழுப்பைத் தள்ளித் தள்ளிச் சீவுவார்கள். இரும்புக் கத்தி வருவதற்கு முன்னால் பெண்கள் இதற்குப் பயன்படுத்தியது மான் வகை விலங்குகளின் கால் எலும்பு. அதன் நுனியைச் சாய்வாகத் தீட்டி, விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள் வெட்டியிருப்பார்கள்.

கத்தியை வைப்பதற்கு முன்பே ஒரு காரியம் உண்டு. முடிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சேறு, ரத்தக் கட்டி, ஒட்டுப்புல் விதை எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, சீப்பால் வாரி எடுத்தாக வேண்டும். இது அழகுக்காகச் செய்வது என்றுதான் புதிதாக வருகிறவர் நினைப்பார். விஷயம் அதுவல்ல. முடிக்குள் ஒரே ஒரு முள்விதை மாட்டியிருந்தாலும், தோலைக் கட்டையில் விரிக்கும்போது அந்த இடம் மேடாக எழும்பி நிற்கும். மேலே சீவிக்கொண்டு வரும் கத்தி அந்த மேட்டைச் சீவிவிட்டுப் போய்விடும். பார்த்தால் நல்ல தோலின் நடுவில் ஓட்டை!

எவ்வளவு சீவுவது என்பதுதான் அடுத்த சிக்கல். கொழுப்பை மிச்சம் விட்டால் அது காற்றுப் பட்டுக் கெட்டுச் சிக்கு வாடை அடித்து, தோலின் நார்களையே அரித்துவிடும். வெளிப்பார்வைக்குத் தெரியாது. பதனிட நனைத்ததும் அந்த இடம் நைந்து கையோடு வரும். ஆழமாகச் சீவினாலோ முடியின் வேர் அறுபட்டு, முடி கொத்துக் கொத்தாக உதிரும். வயிற்றுப் பக்கம் மெல்லிசு, கழுத்துப் பக்கம் தடிப்பு என்பதால் ஒரே தோலில் கையின் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். குளிர்காலத்துக்கு முன்பே பிடித்த விலங்கென்றால் இன்னும் கஷ்டம். முடி வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் வேர்கள் ஆழத்தில் நிறமியோடு இருக்கும். தோலின் உள்பக்கம் நீலம் பாய்ந்தாற்போல் தெரியும். முடி முழுசாக வளர்ந்து முதிர்ந்த குளிர்காலத் தோல் உள்ளே வெளுப்பாக இருக்கும். வாங்குகிறவர் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

உலர்த்துவதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. பீவர் தோலை வயிற்றுப் பக்கம் கீறி உரித்து, வளைத்துக் கட்டிய கொம்பு வளையத்தில் வட்டமாக இழுத்துத் தைப்பார்கள். நரி, மிங்க் (கீரி போன்ற சிறு விலங்கு) மாதிரியானவற்றைக் காலுறை கழற்றுவது போல முழுக் குழாயாக உரித்துப் பலகையில் மாட்டுவார்கள். வெயிலும் நெருப்பும் ஆகாது, குளிர்ந்த காற்றோட்டம் போதும். ஆனால் அதற்கு முந்திய நாளெல்லாம் குனிந்து நின்று சீவிய வேலைதான் கட்டுரையில் காணாமல் போன வேலை. அதில் உடம்புக்கு ஆபத்தும் இருந்தது. முயலும் கஸ்தூரி எலியும் உரிக்கிறவர்களுக்குக் கையில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும், துலரேமியா என்கிற காய்ச்சல் தொற்றிக்கொள்ளும்.

இப்போது நான் மறுக்க நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பூர்வகுடிகள் தாங்கள் உடுத்திப் பழசாக்கிய பீவர் அங்கிகளை ஐரோப்பிய வியாபாரிகளின் தலையில் கட்டினார்கள் என்கிற தொனியில் உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நடந்ததே வேறு. அந்தப் பழைய அங்கிகளைத்தான் வியாபாரிகள் தேடித் தேடி வாங்கினார்கள்.

பீவருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீண்ட முரட்டு முடி, அடியில் நெருக்கமான மென்மயிர். தொப்பிக்கான ஃபெல்ட் (நெய்யாமல், முடியை அழுத்திப் பின்னவைத்துச் செய்யும் துணி) செய்ய மென்மயிர் மட்டும் போதும். முரட்டு முடி இடைஞ்சல். பெண்கள் தோலின் உள்பக்கத்தைச் சீவி, விலங்குகளின் எலும்பு மஜ்ஜையைத் தேய்த்துப் பதப்படுத்தினார்கள். ஐந்து முதல் எட்டுத் தோல்களை விலங்குத் தசைநாரால் தைத்து அங்கியாக்கினார்கள். ரோமம் உடம்பில் படும்படி ஓராண்டுக்கும் மேல் அது உடுத்தப்பட்டது. முரட்டு முடியின் வேர் மென்மயிரின் வேரைவிட ஆழமானது. உள்ளிருந்து சீவியபோதே அது தளர்ந்துவிட்டதால், உடுத்த உடுத்தத் தானாக உதிர்ந்தது. உடம்பின் எண்ணெய் ஏறித் தோல் இளகியது. மற்றத் தோல்களில் குற்றமாகப் போகிற வேர்த் தளர்ச்சி இங்கே திறமையாக மாறியதைக் கவனியுங்கள். எந்த வேரைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்பது கைக்குத் தெரிந்திருந்தது. உடுத்தாமல் உலர்த்தி மட்டும் அனுப்பிய தோல்களில் முரட்டு முடியை நீக்கும் நுட்பம் மேற்கு ஐரோப்பாவில் வெகுகாலம் இல்லை. அதற்காகவே அவற்றை ரஷ்யாவுக்கு அனுப்பிச் சீவி வாங்கினார்கள். கடல் தாண்டி அனுப்ப வேண்டியிருந்த ஒரு வேலையை இந்தப் பெண்கள் தங்கள் முகாமிலேயே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பழைய துணி விற்பனையாகக் காட்டுவது நியாயமில்லை.

பெயர் தெரிந்த ஒரு பெண்ணையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம். டெனே என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த தனடெல்தூர் என்ற இளம்பெண் ஹட்சன் விரிகுடாவின் யார்க் ஃபேக்டரி கோட்டையில் ஆளுநர் ஜேம்ஸ் நைட்டிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். கிரீ மக்களுக்கும் தன் மக்களுக்கும் சமாதானம் செய்துவைத்தவர் என்றுதான் வரலாற்றில் அவரைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது நைட் எழுதிவைத்த இன்னொரு செய்தி. டெனே முதியவர் ஒருவர் தரம் குறைந்த தோல்களை விற்க வந்தபோது, தனடெல்தூர் அவர் மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளி, முட்டாள் என்று திட்டி, சொன்னபடியான தோல்களைக் கொண்டுவராவிட்டால் வியாபாரம் கிடையாது என்று சொன்னாராம். 1717 பிப்ரவரியில் நோயுற்று இறந்தார். நல்ல தோல் எது, கெட்ட தோல் எது என்று ஒரு பெண் தீர்ப்புச் சொன்னதற்கு இதைவிட நேரடியான பதிவு வேண்டுமா?

ரோம ஆடையே கூடாது என்பவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். நானும் அதை உடுத்தச் சொல்லவில்லை. பண்ணைக் கூண்டுகளில் மிங்க் வளர்ப்பது எனக்கும் ஒப்பாத காரியம். பிரிட்டன் 2000இல் ரோமப் பண்ணைகளைத் தடை செய்து சட்டம் போட்டது சரி என்றே நினைக்கிறேன். வணிகத்தைக் கண்டிப்பது வேறு, அதில் உழைத்தவர்களை மறப்பது வேறு. அந்த நாளில் ஒரு தோல் சரியாகச் சீவப்படாமல் அழுகிப்போனால், செத்த விலங்குக்கு ஈடாக அந்தக் குடும்பத்துக்கு ஒரு கெட்டிலோ கத்தியோ கூடக் கிடைக்காது.

அடுத்த இதழில் தொப்பித் தொழில் பற்றி இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதிலும் தொப்பி அணிந்த பிரபுக்களோடு நிறுத்திவிடாதீர்கள். முயல் ரோமம் எளிதில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது என்பதால் பாதரச நைட்ரேட் கரைசலைத் தோலின் முடிப் பக்கத்தில் தூரிகையால் தேய்த்தார்கள். காய்ந்ததும் முடி நுனி ஆரஞ்சு நிறமாகும். பிறகு அந்த ரோமத்தை ஆவியில் வேகவைத்து அழுத்தும் அறைகளில் தொழிலாளர்கள் பாதரசத்தையும் சேர்த்தே சுவாசித்தார்கள். கை நடுங்கியது, பல் ஆடியது, மனம் கலங்கிப் பேச்சே மாறிப்போனது. அமெரிக்காவில் இந்த முறை கைவிடப்பட்டது 1941இல்தான். அந்த அறைகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி உங்கள் கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பகுதி நூலாக வருமானால், அந்த ஒரு வரியையும் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன்