கோடிகளில் புரண்டாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்க ஆபாசப் பட நடிகை லிண்டா லவ்லேஸ் பற்றி, "ஒரே படத்தில் கோடிகளில் புரண்டவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடிகள் யார் கைக்குப் போயின என்பது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவர் நடித்த 'டீப் த்ரோட்' என்ற ஆபாசப் படம் 1972-ல் வந்தது. மயாமி பக்கம் ஆறேழு நாளில், சுமார் 25,000 டாலரில் எடுத்து முடித்தார்கள். முதல் போட்டது மாஃபியாத் தொடர்புள்ள பெரைனோ குடும்பம். லிண்டாவுக்குப் பேசிய சம்பளம் 1,250 டாலர். வசூலில் பங்கு கிடையாது. அந்தச் சம்பளத்தையும் கணவர் சக் டிரெய்னரே வாங்கிக்கொண்டார் என்று லிண்டா பின்னாளில் சொன்னார். தியேட்டர்களுக்கு ஆள் அனுப்பித் தலையை எண்ணி, ஷேரை ரொக்கமாக வாங்கிப் போன கூட்டம் அது. பங்குதாரரான இயக்குநர் டாமியானோவையே சொற்பத்தைக் கொடுத்துக் கழற்றிவிட்டார்கள். நடிகைக்கா அள்ளிக் கொடுத்திருப்பார்கள்?

கட்டம் கட்டிப் போட்ட '60 கோடி டாலர் வசூல்' அதைவிட வேடிக்கை. டிக்கெட் 5 டாலர் என்றால் 12 கோடி டிக்கெட் விற்றிருக்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் குழந்தை குட்டி சேர்த்தே 21 கோடிப் பேர்தான். பல ஊர்களில் படத்துக்குத் தடை வேறு. கறுப்பை வெள்ளையாக்க ஏற்றிக் காட்டிய கணக்கு என்று சந்தேகித்தவர்கள் உண்டு. வகுத்துப் பார்க்க உங்கள் அலுவலகத்தில் ஒருவருமா இல்லை?

"பிறகு மனம் மாறினார்" என்று ஒரே வரியில் மற்றதை முடித்துவிட்டீர்கள். 1980-ல் வந்த சுயசரிதையிலும் 1986-ல் ஆபாசப் படங்கள் பற்றி விசாரித்த அமெரிக்க அரசின் மீஸ் கமிஷன் முன்பும் அவர் சொன்னது, அடித்தும் துப்பாக்கியைக் காட்டியும் கணவர் நடிக்க வைத்தார் என்பது. பதிப்பகம் அவரைப் பொய் கண்டறியும் சோதனைக்கு அனுப்பிய பிறகே நூலை அச்சிட்டது. படத்தில் வேலை செய்த சிலர் மறுத்தார்கள், அதையாவது எழுதியிருக்கலாம். இதற்குப் பெயரா மனமாற்றம்?

உங்களுக்கு இது புதிதல்ல. இன்னொரு ஆபாசப் பட நடிகையான மர்லின் சேம்பர்ஸ் பற்றிய கட்டுரையில், ஐவரி ஸ்னோ சோப்புத்தூள் பெட்டியில் அவர் குழந்தையோடு இருக்கும் படத்தை "புகழால் கிடைத்த விளம்பரம்" என்றீர்கள். அது அவர் ஆபாசப் படத்தில் நடிப்பதற்கு முன்பே எடுத்தது; சங்கதி வெளியே வந்ததும் கம்பெனி அந்தப் பெட்டியைக் கைவிட்டது. அப்போதும் எழுதினேன். பிரசுரிக்க இடம் இருந்திருக்காது, பாவம்.

இப்போது கேட்பது இரண்டே திருத்தம். சம்பளத் தொகையைச் சரியாகப் போடுங்கள். "நோயில் இறந்தார்" என்பதை எடுத்துவிட்டு, 2002-ல் டென்வரில் கார் விபத்துக் காயங்களால் இறந்தார் என்று மாற்றுங்கள். லிண்டா போர்மன் என்ற சொந்தப் பெயரையும் சேர்த்தால் நன்றி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
திருச்சி