மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்க விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிப்பவன் நான். கூரை திறக்கிற கார், பேசினால் பதில் சொல்கிற கார் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து எழுதுகிறீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி எடுக்கிற வண்டி அது இல்லை. பொலிரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, குட்டி யானை என்கிற டாடா ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டிகள்தான். இவற்றில் ஒன்றையாவது மூட்டை ஏற்றி மலையில் ஓட்டிப் பார்த்து உங்கள் நிருபர் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

பாச்சலூர், வடகாடு மலைப் பக்கமிருந்து சவ்சவ், பீன்ஸ், வாழைத்தார் ஏற்றி வந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்குவது என் தொழில். வண்டி சொந்தம், ஓட்டுவதும் நான்தான். பழைய வண்டி, எஃப்சி என்கிற தகுதிச் சான்று வாங்கும் ஒவ்வொரு முறையும் கையைக் கடித்துக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும், சரி, இப்போது மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று தந்தது இதுதான்: காலி வண்டி, பைபாஸ் சாலை, பக்கத்தில் ஒரு சேல்ஸ் தம்பி, ஒரு யூ டர்ன், திரும்பி வந்ததும் காபி. மூட்டை ஏற்றி மலையில் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்க்கிறேனே என்றேன். “அண்ணே, டெமோ வண்டி, லோடு ஏத்தினா மேனேஜர் திட்டுவாரு” என்றார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்தக் கம்பெனி ஷோரூமுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே பதில்தான்.

காலி லோடு வண்டியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. தப்பாகத் தெரிந்துகொள்ளத்தான் நிறைய இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு கிலோ தாங்கக் கட்டிய பின் ஸ்பிரிங் பட்டை, ஆள் மட்டும் உட்கார்ந்தால் குதிக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு ‘இந்த வண்டி தூக்கிப் போடுகிறது’ என்று ஒதுக்கி, மெத்தென்று ஓடியதை எடுத்துவிட்டு, பிறகு மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் தரையைத் தேடுகிறதே என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். பிரேக்கும் அப்படியே. பல வண்டிகளில், பாரத்தைப் பொறுத்துப் பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று உண்டு. காலியில் மிதித்துப் பார்த்த பிரேக் வேறு, பாரத்தோடு மிதிக்கிற பிரேக் வேறு.

இன்னொன்று. மைலேஜ், ஏறும் சக்தி இந்த இரண்டைத்தான் எல்லா ஷோரூமிலும் பேசுகிறார்கள். எங்கள் மலையில் பாரம் ஏறுவதில்லை, இறங்குகிறது. ஏறும்போது உரமும் சிமெண்டும் கொஞ்சம் இருக்கும், பாதி நாள் காலிதான். பாரத்தோடு இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டுக் காலை எடுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா, இல்லை வண்டி எஞ்சினை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? நான் முதலில் பார்க்க விரும்புவது இதைத்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற புத்திசாலிகளும் எங்கள் பாதையில் உண்டு. அவர்களுக்கு எந்த வண்டியும் சரிப்படாது.

அடுத்து கொண்டை ஊசி வளைவு. ஒரே திருப்பில் திரும்புகிற வண்டிக்கும், பாதியில் ரிவர்ஸ் எடுக்க வைக்கிற வண்டிக்கும் ஒரு நாள் உழைப்பில் எவ்வளவு வித்தியாசம் என்பது ஓட்டுகிறவன் தோளுக்குத்தான் தெரியும். பஸ்ஸுக்கு வழிவிட ஏற்றத்தில் நிறுத்தி, கைபிரேக்கை விட்டதும் பின்னால் உருளாமல் கிளம்புகிறதா என்றும் பார்க்க வேண்டும். மூட்டை கேபினுக்கு மேலே நின்றால் பின் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, பக்கக் கண்ணாடிதான் கதி. இங்கே சில இரவுகளில் நிஜ யானையே ரோட்டில் நிற்கும். அப்போது ரிவர்ஸ் எப்படிப் போகிறது என்பது விளையாட்டு இல்லை.

ஷோரூமில் நடக்காது என்று தெரிந்ததும் வேறு வழி பார்த்தேன். மார்க்கெட்டில் தெரிந்த டிரைவர்களிடம் கேட்டு, அவர்கள் லோடோடு கிளம்பும்போது கூட ஏறிக்கொண்டேன். நல்ல இடத்தில் ஸ்டீயரிங்கையும் வாங்கி ஓட்டினேன். வண்டிப் பெயர் சொல்லிக் குறை பேச இதை எழுதவில்லை. அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூக்கு நீண்ட வண்டியில் எஞ்சின் முன்னால் இருப்பதால் கால் பக்கம் சூடு குறைவு, ஆனால் குறுகிய வளைவில் மூக்கு எங்கே முடிகிறது என்று பழக நாளாகும். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில் ரோடு கண்ணுக்குக் கீழேயே தெரியும். அதில் ஏறினால் வெயிலில் நெடுநேரம் ஓடியபின் சீட்டுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். கரண்ட் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியைச் சந்தையின் நெரிசலில் ஒரு விரலால் திருப்பலாம், அது ஒரு சுகம். பாடியின் உயரத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. என் மனைவிதான் சொன்னார், தோட்டத்தில் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது பெண்கள்தானே என்று. அரை அடி உயரம் கூடினால் அந்தப் பெண்களுக்குத் தோள்பட்டை வலி.

நான் எடுத்தது தோஸ்த். வளைவுக்காக. கேரளாவுக்குத் தக்காளி ஓட்டுகிற என் மச்சான் பொலிரோ எடுத்தான், அவனுக்கு அதுதான் சரி.

எடைக் கணக்கையும் சொல்ல வேண்டும். இன்ட்ரா வி30 வண்டியில் ஏற்றக்கூடிய பாரம் 1,300 கிலோ என்றால், எங்கள் மார்க்கெட்டின் 14 கிலோ தக்காளிப் பெட்டி தொண்ணூற்றிரண்டு. பெட்டி மரத்தின் எடையைச் சேர்த்தால் அதுவும் இல்லை. வண்டி எடுத்தபின் நாம் போடும் இரும்பு கிரில், தார்ப்பாய்க் கம்பி, ஸ்டெப்னிக்கு மேல் இன்னொரு டயர் எல்லாம் அந்த 1,300 கிலோவிலிருந்துதான் கழியும். இதை எந்த ஷோரூமிலும் சொல்லிக் கேட்டதில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. நாலு நாள் வாடகை ஒரே அபராதச் சீட்டில் போய்விடும்.

டெமோ வண்டியை அப்படியெல்லாம் கொண்டுபோகச் சட்டம் விடாது என்று ஒருவர் சொன்னார். மத்திய மோட்டார் வாகன விதிகளில், பதிவாகாத வண்டியை ஷோரூம்காரர் வர்த்தகச் சான்றிதழை வைத்து எதற்கெல்லாம் ஓட்டலாம் என்ற பட்டியலில், வாங்க நினைப்பவருக்கு ஓட்டிக் காட்டுவதும் இருக்கிறது, எடைமேடைக்குப் போய்வருவதும் இருக்கிறது. சரக்கு வேண்டாம் ஐயா, பத்து இருபது மணல் மூட்டையைப் போட்டு வைத்திருங்கள், அதோடு ஓட்டிக் காட்டுங்கள். மார்க்கெட் வாசலில் பந்தல் போட்டு, மைக் கட்டி, சாவிக்கொத்து கொடுக்கிற செலவை விட இது குறைவுதான்.

இப்போது இதற்கு இன்னும் தேவை கூடியிருக்கிறது. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, பலருக்குப் பிழைப்பு. ஆனால் நேற்று வரை கார் ஓட்டிய பையன், பாரம் பின்னாலிருந்து தள்ளுவது எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே தவணையில் வண்டி எடுத்துக்கொண்டு மலையில் இறங்குகிறான்.

ஆகவே இரண்டு கோரிக்கை. விற்பனையாளர்கள் பாரம் ஏற்றிய டெமோ வண்டி ஒன்றை வைத்திருக்க வேண்டும். நீங்கள் மூன்று நான்கு வண்டிகளை ஒரே பாரத்தோடு ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்து ஒரு பக்கம் எழுத வேண்டும். நிருபர் வருவதாக இருந்தால் எங்கள் பாதைக்கே வரட்டும், மூட்டைக்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று சுற்றுலா வண்டிகள் வளைவெல்லாம் நிற்கும்.

இப்படிக்கு,
லோடு வண்டி ஓட்டுநர்,
வடகாடு, ஒட்டன்சத்திரம்