அடமெல்லோவுக்குப் போகும் திட்டம்

மியூனிக்

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் பனிச்சறுக்குக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் நலம். மகள் மேற்படிப்புக்காக வியன்னா போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஏப்ரலில் விடுப்பு எடுக்க எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஆகவே நீ கேட்ட விஷயத்துக்கே நேராக வருகிறேன்.

இத்தாலியின் டோலமைட் மலைகளில் கோல் டி லானா சிகரத்தைச் சுற்றிவரும் முதல் உலகப்போர்ச் சறுக்குப் பாதையில் போகலாம் என்று எழுதியிருந்தாய். ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சுற்று. இடையிடையே லிஃப்ட்டும் பேருந்தும் இருப்பதால் காலையில் கிளம்பி மாலைக்குள் முடித்துவிடலாம். அந்தப் பாதையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. 1916 ஏப்ரல் 17 இரவு இத்தாலியப் படையினர் மலையைக் குடைந்து 5 டன் வெடிமருந்தை அடைத்து, எதிரிகளான ஆஸ்திரியர்கள் அமர்ந்திருந்த உச்சியையே பெயர்த்தெறிந்த இடம் அது. அதே வழியில் வரும் லகட்சுவோய் மலையின் பாறைச் சுரங்கங்களும் மர்மொலாடா கேபிள் கார் நிலையத்திலுள்ள போர் அருங்காட்சியகமும் பார்க்க வேண்டியவையே. ஆனால் உட்கார்ந்தபடியே மேலே போய்ச் சேருகிறவனுக்கு அந்தப் போரின் பாதி புரியாமலே போய்விடும் என்பது என் எண்ணம். 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒருவனுக்கு ரொட்டியும் விறகும் தோட்டாவும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அங்கே பெரும் போராட்டமாக இருந்தது. இரு தரப்பும் மலையெங்கும் சரக்குக் கம்பிவடங்களை நிறுவின என்பது உண்மைதான். என்றாலும் கம்பி நின்ற இடத்திலிருந்து மனித முதுகுதான் சுமந்தது.

அதனால் நான் சொல்வது அடமெல்லோ, அதே போர் நடந்த இன்னொரு இத்தாலிய மலைத்தொடர். டோலமைட் போர்முனை 1917 அக்டோபரில் கப்போரெட்டோவில் இத்தாலி தோற்றுப் பின்வாங்கியவுடன் காலியாகிவிட்டது. மேற்கே தொனாலே கணவாயிலும் அடமெல்லோ பனியாறுகளிலுமோ 1918 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை வீரர்கள் அங்கேயே இருந்தார்கள். மூன்று குளிர்காலங்களை அவர்கள் பனிக்கட்டியின் மேல் மட்டுமல்லாமல் அதன் உள்ளேயும் கழித்தார்கள். கரிபால்டி கணவாயிலிருந்து லோப்பியா கணவாய் வரை பனிக்கட்டிக்குள்ளேயே 5 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சுரங்கப்பாதையை இத்தாலியர்கள் வெட்டினார்கள். எதிரியின் குண்டிலிருந்தும் பனிப்புயலிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்ப அதைவிட நல்ல வழி அவர்களுக்குத் தெரியவில்லை. பனிவண்டி இழுக்க நாய்களையும் பழக்கியிருந்தார்கள்.

நான் முக்கியமாகப் பார்க்க விரும்புவது கிரெஸ்தா குரோச்சே முகட்டில், 3,276 மீட்டர் உயரத்தில், இன்னும் நிற்கும் ஒரு பீரங்கியை. 149 மில்லிமீட்டர் வாய் கொண்ட பழைய வார்ப்பிரும்புப் பீரங்கி அது. எடை ஏறக்குறைய 6 டன். 'நீர்யானை' என்று வீரர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1916 பிப்ரவரியில் தெமூ என்ற கிராமத்திலிருந்து அதைப் பகுதிகளாகக் கழற்றி, சறுக்குவண்டிகளில் கட்டி, நூற்றுக்கணக்கான ஆட்கள் கயிற்றால் இழுத்து, ஏப்ரலில்தான் வெனெரோகொலோ கணவாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறு ஆண்டு அங்கிருந்து பியான் டி நேவெ என்ற பனிச் சமவெளியின் குறுக்கே முகட்டுக்கு ஏற்றினார்கள். எதிரே தெரியும் கோர்னோ டி காவெந்தோ சிகரத்தை ஆஸ்திரியர்களிடமிருந்து பறிக்கவே இவ்வளவு பாடும். 1917 ஜூன் 15 அன்று பறித்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் ஆஸ்திரியர்கள் மீட்டார்கள். 1918 ஜூலையில் மறுபடியும் இத்தாலியர் கைக்கு வந்தது. அந்தச் சிகரத்தைக் காத்து நின்று, முதல் தாக்குதலிலேயே இறந்த ஃபெலிக்ஸ் ஹெக்ட் என்ற ஆஸ்திரிய அதிகாரியின் நாட்குறிப்பு பிழைத்திருக்கிறது. 3,402 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறைக்காக இத்தனை பேர் மாண்டதில் என்ன போர்த்தந்திரம் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வழி இப்படி யோசித்திருக்கிறேன். முந்தின நாளே தொனாலே வந்து, கணவாயின் கிழக்குப் பக்கத்திலுள்ள ஸ்திரினோ கோட்டையையும், மேற்கே தெமூவில் இருக்கும், இந்தப் பனிமலைப் போரைப் பற்றிய 'வெண்போர்' அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். மறுநாள் காலை 1,883 மீட்டர் உயரத்திலிருக்கும் தொனாலேயிலிருந்து பிரெசேனா பனியாற்றின் மேல்முனை வரை கேபிள் கார் உண்டு. அதில் ஏறுவதற்கு உன் முழங்காலைக் காரணம் காட்டிக்கொள்வோம். அங்கிருந்து மாந்த்ரோன் பள்ளத்தாக்கில் இறங்கி, பின்னோக்கி வழுக்காமல் ஏற ஸ்கீயின் அடியில் பட்டை ஒட்டிக்கொண்டு, மாந்த்ரோன் பனியாற்றின் வழியே நீளமாக ஏறினால், 3,040 மீட்டரில் 'அடமெல்லோவில் மாண்டவர்கள்' பெயரால் அமைந்த மலைக்குடில். இரவு அங்கே. இரண்டாம் நாள் முதலில் பீரங்கி; நேரமும் உடம்பும் இடம்கொடுத்தால் மட்டுமே 3,539 மீட்டர் அடமெல்லோ உச்சி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் உச்சிக்குப் போய் வந்தபின் நீ களைத்து உட்கார்ந்துவிடுவாய் என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் பிஸ்கானா பனியாற்றின் வழியே போந்தே டி லெஞ்ஞோ ஊர்வரை நீண்ட இறக்கம். அந்த ஊர் 1917 செப்டம்பர் 27 அன்று ஆஸ்திரியக் குண்டுகளில் எரிந்து, போருக்குப் பின் மறுபடி கட்டப்பட்டது. (1984 ஜூலையில் போப் இரண்டாம் ஜான் பாலும் இத்தாலியக் குடியரசுத் தலைவர் பெர்த்தினியும் இதே பனியாற்றுப் பகுதிக்கு வந்தார்கள்; போப் சறுக்கினார். ஆகவே வயதைக் காட்டி நாம் தப்ப முடியாது.)

ஏப்ரல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1916 ஏப்ரல் 12 அன்றும் அம்மாத இறுதியிலும் வெள்ளை உடையணிந்த ஆல்பினி எனும் இத்தாலிய மலைப்படை வீரர்கள் ஸ்கீயில்தான் இந்தப் பனியாறுகளைக் கடந்து தாக்கினார்கள். மறைவே இல்லாத வெட்டவெளியில், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே. அவர்கள் நடந்த அதே பனியை அதே பருவத்தில் பார்த்தால்தான் தூரங்கள் புரியும். நம் பாதுகாப்புக்கும் அதுவே நல்ல காலம்: இரவில் உறைந்து இறுகும் பனி, விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் இறங்கிவிட்டால், பெரும்பாலும் நிலையாக இருக்கும். நடுக்குளிர்காலம் அப்படியல்ல. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடாவில் ஒரே பனிச்சரிவில் ஏறக்குறைய 270 ஆஸ்திரிய வீரர்கள் புதைந்தார்கள். இதைப் படித்தபோது 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிக்கடியில் போன மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்து வீரர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் நால்வர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

கருவிகளில் சமரசம் வேண்டாம். பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களில் பீக்கன் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவுகம்பி, மண்வாரி மூன்றையும் வைத்திருப்பது 2022 முதல் இத்தாலியில் சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் அவை வேண்டும். புதைந்தவனைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரிந்துவிடும். பனிப்பிளவுகள் இருப்பதால் கயிறும், உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் அவசியம். பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. பிரெசேனாவைக் கோடையில் துணி போர்த்திக் காக்கிறார்கள். அங்கேதான் 2012-இல் இரண்டு இளம் ஆஸ்திரிய வீரர்களின் உடல்கள் பனியிலிருந்து வெளிப்பட்டன. முள்கம்பி, மரப்பலகை, வெடிக்காத குண்டு என எது வேண்டுமானாலும் நம் கண்ணில் படலாம். எதையும் தொடாதே, எடுக்காதே. 2001-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் போர்ச் சின்னங்களைக் காக்கிறது. பழைய தோட்டா உறைகளை வீட்டு அலமாரியில் அடுக்கும் உன் பழக்கத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி ஒருவரிடம் ஏப்ரல் நடுவில் இடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். குடில் அதற்குள் திறந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அதையும் உறுதிசெய்துகொண்டே முன்பணம் அனுப்புவேன். மூன்று நாட்கள் தொடர்ந்து ஏறி இறங்க மருத்துவர் சம்மதிக்கிறாரா என்று கேட்டுச் சொல். அவர் தயங்கினால் உச்சியை முழுவதுமாக விட்டுவிட்டு, பீரங்கி மட்டும் என்று இரண்டு நாட்களாகச் சுருக்கிக்கொள்ளலாம். பிஸ்கானா இறக்கத்துக்குப் பதில் வந்த வழியே தொனாலே திரும்பலாம். உன் பழைய பீக்கனை எடுத்து வராதே, என்னிடம் புதிதாக இரண்டு இருக்கின்றன.

அன்புடன்,
ரகு